சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்? சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஓர் இருசக்கர வாகனம் சரிந்து விழுந்தால் அடுத்த நிமிடமே கூட்டம் கூடிவிடுகிறது. ஆனால் அடிபட்டவரைத் தொடுவதற்குப் பலரும் தயங்குகிறார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சமே அதற்குப் பெரும்பாலும் காரணம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் இந்த அச்சத்துக்கு இடமில்லாமல் செய்திருக்கின்றன. நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தவும் முடியாது. சாட்சி சொல்வதும் அவரது விருப்பம்தான். ஆகவே துணிந்து அருகில் செல்லுங்கள்.

செல்வதற்கு முன், பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க ஆள் நிறுத்துவது அவசியம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வருபவருக்கு உச்சிக்கு அப்பால் கிடப்பவர் தெரியமாட்டார். கூட்டத்தில் ஒருவரைச் சற்றுத் தொலைவில், ஓரமாக நின்று கையசைக்கச் சொல்லுங்கள். இரவு என்றால் கைப்பேசியின் டார்ச்சை எரிய விடச் சொல்லுங்கள்.

அடுத்து, 108. யாராவது அழைத்திருப்பார்கள் என்று எண்ணி எல்லோரும் சும்மா இருந்துவிடுவது உண்டு என்பதால், நீங்களே அழையுங்கள். அல்லது ஒருவரைச் சுட்டிக்காட்டி அழைக்கச் சொல்லுங்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்வதில்தான் நேரம் மிச்சமாகிறது. 'கத்திப்பாரா மேம்பாலம்' என்று மட்டும் சொன்னால் போதாது. விமான நிலையத்திலிருந்து கிண்டிக்குப் போகும் பாதையா, வடபழனிப் பக்கம் இறங்கும் வளைவா என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறான வளைவில் ஏறிய ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டுதான் திரும்பி வர முடியும். நூறடி சாலை போன்ற இடங்களில் அருகிலுள்ள மெட்ரோ தூணின் எண்ணையும், நடுத்தடுப்புக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, அடிபட்டவர். நம் ஊரில் உடனே நடப்பது, அவரைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா குடிக்கக் கொடுப்பது. மூன்றுமே தீங்கு. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு அசைவே தண்டுவடத்தைச் சிதைத்து, ஆயுள் முழுவதும் கைகால் இயங்காமல் செய்துவிடக்கூடும். நினைவு தெளிவாக இல்லாதவர் குடிக்கும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கும் அது இடையூறு. தீப்பிடிக்கும் அபாயம் போன்ற கட்டாயம் இல்லாதவரை, அவரைக் கிடந்த நிலையிலேயே விட்டு, தலையின் இருபுறமும் உங்கள் உள்ளங்கைகளை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்; முன்கண்ணாடியை மேலே தள்ளி, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. தலை தரையில் மோதாமல் பார்த்துக்கொள்வதே உதவி.

ரத்தம் பீறிட்டால் துப்பட்டாவோ கைக்குட்டையோ, எது சுத்தமாக இருக்கிறதோ அதை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் மீண்டும் ஒழுகும். மூச்சே இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது.

செலவை நினைத்தும் யாரும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுக்கப்பட்ட தொகைவரை அரசே பணம் செலுத்துகிறது. அடிபட்டவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும் இது பொருந்தும் என்பதை, கட்டடப் பணிக்கும் உணவு விநியோகத்துக்கும் எங்கிருந்தோ வந்தவர்கள் நிறைந்த இந்த நகரத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கொண்டுவந்து சேர்த்தவரிடம் பணம் கட்டச் சொல்லவோ, அவரைப் போக விடாமல் நிறுத்தவோ மருத்துவமனைக்கு உரிமை இல்லை.

குடும்பத்தார் வந்ததும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், விபத்து நடந்த இடம், நேரம், மோதிய வாகனம் ஆகியவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அவர்கள் அன்றே பார்க்க வேண்டும். பின்னால் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது: அத்தகைய விபத்துகளில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.