கப்பல் கட்டுமானச் சொற்களைக் குழப்பமின்றிக் கற்கும் வழி

கப்பல் கட்டுமானத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கலைச்சொல் பட்டியலை எடுத்துக்கொண்டு அகர வரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அந்த வழி பயன் தராது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அது எதை அளக்கிறது, எங்கிருந்து எதுவரை அளக்கிறது, எந்த அலகில் சொல்கிறது என்று கேட்டு, அதனோடு குழம்பக்கூடிய சொல்லையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

உறுப்புகளின் பெயர்களில் சிக்கல் குறைவு. முன்பகுதிக்கு அணியம், அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு ஏரா, விலா எலும்பு போன்ற சட்டத்துக்கு வங்கு, கப்பலைத் திருப்பும் பலகைக்குச் சுக்கான் எனத் தமிழில் பழைய சொற்களே இருக்கின்றன. மரக்கலத்துக்குப் பிறந்த இச்சொற்கள் எஃகுக் கப்பலுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன.

அளவுகளுக்கு வரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. தமிழில் ‘ஆழம்’ என்ற ஒரே சொல்லை நாம் பல இடங்களில் எழுதிவிடுகிறோம். ஏராவிலிருந்து மேல்தளம் வரையுள்ள உயரம் டெப்த்; அது கப்பலைக் கட்டும்போதே முடிவாகிவிடுவது. ஏராவின் அடியிலிருந்து நீர்மட்டம் வரை உள்ளது டிராஃப்ட், அதாவது மூழ்கும் ஆழம். சரக்கு ஏற ஏற இது கூடும். நீர்மட்டத்துக்கு மேல் தளம் வரை எஞ்சுவது ஃப்ரீபோர்டு. கப்பலின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் மெட்ரிக் டிராஃப்ட் எண்கள் 10 செ.மீ. உயரம் உள்ளவை, எண்ணின் அடிவிளிம்பே அந்த எண் குறிக்கும் அளவு. எனவே 6.2 என்ற எண்ணின் அடியை நீர் தொட்டால் டிராஃப்ட் 6.2 மீட்டர், தலையைத் தொட்டால் 6.3 மீட்டர்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் ‘டன்’ என்ற சொல்லில் இருக்கிறது. இதை ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்பதே நல்லது. நீர்க்கோட்டில் 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும், 5 மீட்டர் டிராஃப்டும் உள்ள ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். பெட்டி வடிவமாக இருந்தால் அது 10,000 கன மீட்டர் நீரை விலக்கும். ஆனால் முனைகள் குறுகுவதால் அதில் 70 விழுக்காடு மட்டுமே விலக்குகிறது என்றால், 0.7 என்ற அந்த விகிதமே பிளாக் கெழு. விலக்கப்படும் 7,000 கன மீட்டரைக் கடல்நீரின் அடர்த்தியான 1.025ஆல் பெருக்கினால் 7,175 டன் கிடைக்கிறது. இது கப்பலின் முழு எடை, அதாவது டிஸ்பிளேஸ்மென்ட். உடலும் இயந்திரங்களும் பொருத்தப்பட்ட கருவிகளும் சேர்ந்த வெற்று எடை 2,000 டன் என்றால், மீதி 5,175 டன்னும் டெட்வெயிட். டெட்வெயிட் முழுவதும் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது; எரிபொருள், குடிநீர், கப்பலை நிலைப்படுத்த ஏற்றும் நிலைநீர், மாலுமிகள், உணவுப்பொருள் அனைத்தும் அதற்குள் அடங்கும்.

கிராஸ் டன்னேஜ் என்பதோ எடையே அல்ல. டன் என்ற சொல் மது நிரப்பிய பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. எத்தனை பீப்பாய் கொள்ளும் என்று கப்பலை அளந்த வழக்கத்தின் எச்சமாக, இன்றும் இது மூடிய இடங்களின் கன அளவிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 1969ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைப்படி, கன அளவின் மடக்கையை (10ஐ அடிமானமாகக் கொண்ட log) 0.02ஆல் பெருக்கி, 0.2ஐக் கூட்டி, வரும் எண்ணைக் கன அளவால் பெருக்க வேண்டும். மூடிய இடம் 10,000 கன மீட்டர் என்றால் விடை 2,800. இந்த எண்ணுக்குப் பின்னால் எந்த அலகும் எழுதுவதில்லை.

எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பக்கத்தில் வரைந்த பிளிம்சால் குறி காட்டுகிறது. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் நடுவே செல்லும் கோடு கடல்நீரின் கோடைக்கால எல்லை. அதன் கீழே குளிர்காலக் கோடும், மேலே வெப்பமண்டலக் கோடும், அதற்கும் மேலே நன்னீர்க் கோடுகளும் வருகின்றன. நன்னீர் அடர்த்தி குறைந்தது, அதில் கப்பல் கூடுதலாக மூழ்கும் என்ற காரணம் தெரிந்தால் வரிசை தானாகவே நினைவில் நிற்கும்.

இறுதியாகச் சாய்வுச் சொற்கள். முன்னும் பின்னும் டிராஃப்ட் வேறுபட்டால் அது டிரிம். காற்றாலோ திருப்பத்தாலோ பக்கவாட்டில் சாய்ந்தால் ஹீல். எடை ஒரு பக்கம் கூடியதால் சாய்ந்தே நின்றால் லிஸ்ட். இவற்றைப் போலவே கண்ணுக்குத் தெரியும் இன்னொன்று லோல். ஈர்ப்பு மையம் மிக உயர்ந்து, நிமிர்ந்து நிற்கும் வலுவைக் கப்பல் இழந்ததால் வருவது இது. லிஸ்டைச் சரிசெய்ய உயர்ந்த பக்கத்துக்கு எடையை நகர்த்துவது முறை. அதையே லோலுக்குச் செய்தால் கப்பல் மறுபக்கம் வேகமாகப் புரண்டு சாயும், கவிழவும் கூடும். அங்கே முதலில் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்க வேண்டும். அதற்காக அடித்தொட்டிகளை நிரப்பும்போது, தாழ்ந்த பக்கத்துத் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும்.