சீனாவில் ஸ்கெட்ச்புக்கோடு: மூடுபனி மலையும் வெள்ளைச் சுவரும் வரைவது எப்படி?

கிழக்குச் சீனாவின் அன்ஹுய் மாநிலத்திலுள்ள ஹுவாங்ஷான் மலையுச்சியில் நான் வரைந்த முதல் மூன்று படங்களும் பாழ். மூடுபனியை வரையப் பார்த்ததுதான் தப்பு. அடியிலுள்ளதை மறைக்கும் கெட்டி வண்ணமான கவாஷில் வெள்ளையைப் பிதுக்கி, சிகரங்களுக்கு நடுவே பூசிப் பூசி, கடைசியில் மலைமேல் யாரோ தயிரைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வாட்டர்கலரில் ஒரு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணப்பூச்சு) போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்குப் போகிறேன்.

1. பையில் என்ன?

300 ஜிஎஸ்எம் (நல்ல தடிமனான) காட்டன் காகிதம் உள்ள ஸ்கெட்ச்புக், இரண்டு பிரஷ், டிஷ்யூ, மடக்கு ஸ்டூல். வண்ணம் இரண்டே போதும்: இண்டிகோ என்ற கருநீலம், பர்ன்ட் சியென்னா என்ற செங்காவி. இரண்டையும் கலந்தால் மலைக்கு வேண்டிய எல்லாச் சாம்பலும் கிடைத்துவிடும். பல பழைய சீன மலை ஓவியங்களிலும் மைக்கு அடுத்தபடியாக இந்த நீலமும் காவியும்தான். 24 வண்ணப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படத்தை நிறுத்தும் ஈஸல் வேண்டவே வேண்டாம். ஹுவாங்ஷான் முழுக்கக் கல்படிகள், அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், புரியும்.

அப்புறம், சீன ஓவியர்கள் மையால் வரையும் ஷுவான் காகிதம். மலையடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளி துன்ஷி என்ற ஊரில் ஒரு பழைய கடைத்தெரு இருக்கிறது. மை, மை உரைக்கும் கல், தூரிகை என்று கடைகள் கண்ணைப் பறிக்கும். நானும் ஆசைப்பட்டு ஒரு கட்டு காகிதம் வாங்கினேன். மேலே போய் பிரஷை வைத்ததுமே மை குபுகுபுவென்று பரவி, பைன் மரம் வரைய நினைத்த இடத்தில் ஒரு எருமை படுத்திருந்தது. இந்தக் காகிதம் அதே அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் நீலச்சந்தனம் என்ற மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. அதில் 'பச்சை', 'வெந்தது' என்று இரண்டு வகை உண்டு. பச்சை, மையை உறிஞ்சிப் பரப்பும். வெந்தது படிகாரம் ஏற்றியது, அவ்வளவாக உறிஞ்சாது. நான் வாங்கியது பச்சை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊருக்கு வாங்கிப் போகலாம், மலைமேல் பிரிக்காதீர்கள்.

2. எந்தத் தூரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

11ஆம் நூற்றாண்டில் சீனாவின் சோங் வம்ச அரசவையில் இருந்த ஓவியர் குவோ ஷி, மலையைப் பார்க்க மூன்று தூரங்கள் சொன்னார். அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயரத் தூரம். முன்னால் நின்று மலைக்குப் பின்னால் இருப்பதை எட்டிப் பார்ப்பது ஆழத் தூரம். பக்கத்து மலையிலிருந்து தொலைவிலுள்ள மலையைப் பார்ப்பது சமதூரம். 1072இல் அவர் வரைந்த 'இளவேனில் தொடக்கம்' இப்போது தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே படத்தில் மூன்றையும் கலந்திருப்பார். நமக்கு ஒன்று போதும். உயரம் என்றால் புத்தகத்தை நெட்டுவாக்கில் பிடியுங்கள், சமதூரம் என்றால் குறுக்குவாக்கில். அவ்வளவுதான், நகர்வோம்.

3. மூடுபனி (இங்கே நிதானமாக)

நான்காவது படத்துக்கு முன் ஒரு மணி நேரம் எதையும் வரையாமல் ஷிசின் சிகரத்தருகே உட்கார்ந்து பார்த்தேன். 'நம்பத் தொடங்கும் சிகரம்' என்று அதற்குப் பொருள். அப்போதுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு சிகரத்துக்கும் தலை கூர்மையாகத் தெரிகிறது, கால் இல்லை. அந்தக் காலில்லாத வெள்ளையின் மேல் அடுத்த சிகரத்தின் தலை வந்து நிற்கிறது. பனி தனியாக எங்கேயும் இல்லை, மலை நின்றுபோகும் இடம்தான் பனி.

செய்முறை இது. ஒரு பிரஷில் வண்ணம், இன்னொன்றில் வெறும் தண்ணீர். சீன ஓவியர்கள் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்வார்கள். எனக்கு அது வரவில்லை, ஒன்றை வாயில் கவ்விக்கொண்டேன். தூரத்துச் சிகரத்தின் உச்சியை உலர்ந்த காகிதத்தில் வெளிர் சாம்பலால் அழுத்தமான விளிம்போடு இழுங்கள். வண்ணத்தைக் கீழே கொண்டு வாருங்கள். பாதி மலையில் நிறுத்திவிட்டு, உடனே தண்ணீர் பிரஷால் அந்த ஈர விளிம்பைத் தொட்டுக் கீழே இழுங்கள். நிறம் கரைந்து கரைந்து வெள்ளைக் காகிதத்தில் முடியும்.

எனக்கு இடறியது தண்ணீரின் அளவில். பிரஷ் சொட்டச் சொட்ட இருந்தால் தண்ணீர் மேலே ஏறி, காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட கறை விழும். பிரஷை நனைத்ததும் டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு நிற்கக் கூடாது. வீட்டிலேயே ஒரு பக்கம் முழுக்கப் பட்டை பட்டையாக அடித்துப் பழகிவிட்டுப் போவது நல்லது.

காய்ந்ததும் அடுத்த சிகரம், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. அதன் தலை முந்தையதன் கரைந்த காலுக்குக் கீழே, வெள்ளையில் தொடங்க வேண்டும். இடையில் விரலகல வெள்ளையாவது மிஞ்சட்டும். கை துருதுருவென்று அதை நிரப்பப் பார்க்கும். விடாதீர்கள்.

மேகக்கடல் பார்க்க மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் நேரம். மலைமேல் அறை வாடகை அதிகம்தான், ஆனால் ஓர் இரவு தங்காமல் அந்த விடியல் கிடைக்காது.

4. பைன் மரம்

கிறிஸ்துமஸ் மரம் மாதிரி முக்கோணமாக வரையாதீர்கள். ஹுவாங்ஷான் பைன் கருங்கல் வெடிப்பில் முளைத்து, தலை தட்டையாக, கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டும். உலர்ந்த பிரஷால் படுக்கைக் கோடுகள் நாலைந்து, நடுவே கோணலான தண்டு. போதும்.

5. ஹோங்சுன்: காகிதமே சுவர்

மலையிலிருந்து இறங்கினால் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக இந்தக் கிராமம். பக்கத்திலுள்ள ஷிதியோடு சேர்த்து 2000இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் வந்தது. ஓவியக் கல்லூரி மாணவர்கள் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூச்சமே வேண்டாம், நம்மை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மூடுபனியில் கற்றதே இங்கும் உதவும். சுவருக்கு வண்ணமே வேண்டாம். ஓட்டு வரிசை, படிப்படியாக ஏறி இறங்கும் குதிரைத்தலைச் சுவர்களின் விளிம்பு, சிறிய கறுப்பு ஜன்னல். தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமலிருக்க எழுப்பிய சுவர்கள் அவை. ஓடு, விளிம்பு, ஜன்னல் இவற்றை மட்டும் போட்டால் நடுவில் சுவர் தானாக எழுந்து நிற்கும். அப்புறம் மழை ஒழுகிய சாம்பல் கறைகளை இரண்டு மூன்று இடத்தில் விடுங்கள். கறை இல்லாவிட்டால் நேற்று வெள்ளையடித்த கல்யாண மண்டபம் போல இருக்கும். நவீன சீன ஓவியர் வூ குவான்ஜோங் இதே தெற்குச் சீன வீடுகளை வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறார் என்பதற்காகவே.

6. ஷாங்காய்: தலைகீழ் மலை

மேகம் தாழ்ந்த ஒரு நாள் வைதான் என்ற ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரை கோபுரங்களைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. 632 மீட்டர் ஷாங்காய் டவருக்குத் தலை இல்லை! மலையில் கால் கரைகிறது, இங்கே தலை கரைகிறது. ஆகவே 3ஆம் படியை அப்படியே கவிழ்த்துச் செய்யுங்கள்: ஆற்றங்கரையில் அழுத்தமான விளிம்பு, மேலே போகப் போகத் தண்ணீர். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்து வரைந்தால் வண்ணம் தானே சரியான பக்கம் இறங்கும்.

பின்சேர்க்கை 1: மலைமேல் காகிதம் காயவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படங்களைச் சேர்த்தே தொடங்குங்கள், ஒன்று காயும்போது மற்றது.

பின்சேர்க்கை 2: நீளமான தெருவை எப்படி ஒரு பக்கத்தில் அடக்குவது என்று ஒருவர் கேட்டார். அடக்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஜாங் ஸெதுவான் என்ற சீன ஓவியர் கைஃபெங் நகரத்தின் ஆற்றோரத்தை 5 மீட்டருக்கும் நீளமான சுருளில் வரைந்தார். உயரம் 25 சென்டிமீட்டர்தான். ஓரிடத்தில் நின்று பார்த்த காட்சி அல்ல, கூடவே நடக்கிற காட்சி. விசிறி மடிப்பு ஸ்கெட்ச்புக் ஒன்று வாங்கிக்கொண்டு, சுஜோ நகரின் பிங்ஜியாங் தெருவில் கால்வாயோரம் இருபது அடிக்கு ஒருமுறை நின்று ஒரு மடிப்பு வரையுங்கள். ஒரு மடிப்பின் கூரைக்கோடு அடுத்ததோடு பொருந்தாவிட்டால் அங்கே ஒரு மரத்தை வையுங்கள். நான் ஏழு மரம் வைத்தேன்.

பின்சேர்க்கை 3: பென்சில் சீவும் கத்தியை ஒரு ரயில் நிலையச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். மெக்கானிக்கல் பென்சில் கொண்டுபோங்கள்.