ஒன்றேகாலா, ஒன்றேமுக்காலா, குட்டிக்கரணமா? லாடம் வீசுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் லாடம் என்றாலே பொய்கை மாட்டுச்சந்தைதான் நினைவுக்கு வரும். நாம் பேசப்போவது, தூரத்தில் நட்ட கம்பத்தைச் சுற்றி விழும்படி லாடத்தை வீசும் விளையாட்டைப் பற்றி. தலைப்பில் உள்ளவை, லாடம் காற்றில் எப்படிச் சுற்ற வேண்டும் என்பதற்கான வீச்சு முறைகள். ஆனால் மாட்டு லாடம் இந்த விளையாட்டுக்கு உதவாது. மாட்டுக் குளம்பு பிளந்தது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு சின்னத் துண்டுகளாக அடிப்பார்கள். குதிரையின் காலிலிருந்து கழற்றிய லாடமும் சரிவராது. அது பெரும்பாலும் அரைக் கிலோகூட இருக்காது, வாயும் (திறந்த பக்கம்) கம்பத்துக்கு ஏற்ற அளவில் அமையாது. அதை வீசிப் பழகியவர் கையில் பிறகு சரியான லாடத்தைக் கொடுத்தால், பழகியதெல்லாம் வீணாகிவிடும்.

அமெரிக்கப் போட்டி விதிப்படி லாடத்தின் எடை 2 பவுண்டு 10 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 1.19 கிலோ. அகலம் ஏழேகால் அங்குலம், நீளம் 7⅝ அங்குலம், வாய் மூன்றரை அங்குலம், இவைதான் உச்ச வரம்பு. கடையில் கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். கட்டடத்துக்குப் போடும் 20 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 2.47 கிலோ. அதில் 46 சென்டிமீட்டர் வெட்டி, பழுக்கக் காய்ச்சி வளைத்தால் 1.14 கிலோ வரும். இரு முனைகளிலும் உள்பக்கம் பார்த்தபடி சின்னக் கொக்கி வைத்து வெல்டிங் செய்ய மீதி எடை போதும். கொக்கி வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கம்பத்தைச் சுற்றி நுழைந்த லாடம் துள்ளி வெளியே வராமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

வீச்சு முறைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "எது வேகமாகப் போகிறது, எது நேராகப் போகிறது" என்று பார்க்கிறார்கள். முதல் பிழை அங்கேதான். லாடம் கம்பத்தைத் தொடும் அந்தக் கணத்தில் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே கேள்வி. கம்பத்தின் குறுக்களவு ஓர் அங்குலம், லாடத்தின் வாய் மூன்றரை அங்குலம். நடுவில் நுழைந்தால் இரு பக்கமும் மிஞ்சுவது ஒன்றேகால் அங்குலம்தான். குறி அச்சாக இருந்தும் வாய் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் லாடம் கம்பத்தில் மோதித் தெறித்துவிடும். ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரத்து ஜார்ஜ் மே 1920-இல் பட்டம் வென்றது, வாய் திறந்தபடி கம்பத்தை அடையும்படி வீசியதால்தான். அதன் பிறகு தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த வழிக்கே வந்தார்கள்.

வலக்கைக்காரரை வைத்து முறைகளைச் சொல்கிறோம். ஒன்றேகால் சுற்றில், லாடத்தைத் தரைக்கு இணையாக நீட்டிப் பார்த்தால் வாய் இடப்பக்கம் இருக்க வேண்டும். லாடத்தின் இரு கிளைகளையும் கால் என்போம். உடம்புக்குக் கிட்டே உள்ள கால் உங்கள் கைக்குள். கட்டைவிரல் மேலே பரவலாக. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் அடிவழியே போய் உள்விளிம்பில் மடங்கியிருக்கும். சுண்டுவிரல் முட்டுக் கொடுக்கும். கொக்கிகள் தரையைப் பார்க்கும். லாடம் கடிகார முள் போகும் திசையில் ஒரு முழுச் சுற்றும் பிறகு கால் சுற்றும் சுற்றினால் இடப்பக்கம் இருந்த வாய் முன்னே வந்துவிடும். ஒன்றேமுக்காலில் வாய் வலப்பக்கம் இருக்கும்படி பிடித்து, அதே திசையில் அரைச் சுற்று கூடுதலாக விட வேண்டும். முக்கால் எதிர்ச்சுற்று என்று இன்னொன்று உண்டு. அதில் வாய் இடப்பக்கம், சுற்று எதிர்த்திசையில். மணிக்கட்டு அதற்கு இயல்பாக இணங்குகிறவர்கள் மட்டும் முயலலாம். குட்டிக்கரணத்தில் பிடி லாடத்தின் வளைவு நடுவில். வாய் கம்பத்தைப் பார்த்திருக்கும், கட்டைவிரல் மேலே, நான்கு விரல்கள் கீழே. லாடம் காற்றில் ஒருமுறை தலைகீழாகப் புரண்டு, வாய் முன்னே பார்க்க இறங்கும்.

நிறையப் பேர் தடுமாறுவது பிடியையும் சுற்றையும் கலப்பதில். வாயை வலப்பக்கம் வைத்துப் பிடித்துவிட்டு ஒன்றேகால் சுற்று விட்டால், ஒவ்வொரு லாடமும் புட்டத்தைக் காட்டிக்கொண்டுதான் கம்பத்துக்குப் போகும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது திருந்தாது, ஏனென்றால் பிழை கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. இடக்கைக்காரர்கள் வலக்கைக்காரரைப் பார்த்து அப்படியே பிடிப்பதிலும் இதே சிக்கல்தான். அவர்களுக்கு எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறும். வாய் வலப்பக்கம், சுற்று எதிர்த்திசை.

அடுத்தது, பத்துப் பத்து லாடம் வீசி "எனக்குக் குட்டிக்கரணம்தான் ஒத்துவருகிறது" என்று முடிவு கட்டுவது. பத்தில் இரண்டு ரிங்கர் (கம்பத்தைச் சுற்றி விழும் லாடம்) விழுவதும் மூன்று விழுவதும் தற்செயலாகவே நடக்கும். ஒரு முறைக்குக் குறைந்தது 100 லாடம் வேண்டும், அதுவும் ஒரே நாளில் அல்ல, 25 வீதம் நான்கு மாலைகளில். ரிங்கரை மட்டும் எண்ணாதீர்கள். லாடம் விழும்போது வாய் எந்த மணியைக் காட்டுகிறது என்று எழுதுங்கள். வீசுகிற இடத்திலிருந்து பார்க்கும்போது நேர் முன்னே 12, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. கம்பத்தைச் சுற்றியுள்ள குழியின் களிமண் ஈரமாக இருந்தால் லாடம் முதலில் குத்திய தழும்பு தெளிவாகத் தெரியும். அதைப் பாருங்கள், துள்ளி நின்ற இடத்தைப் பார்க்காதீர்கள். "10, 10, 11, 9, 10" என்று ஒரு பக்கம் நிறைந்தால், கடிகாரத் திசை வீச்சில் சுற்று பற்றவில்லை. "1, 2, 2, 3" என்றால் சுற்று மிஞ்சுகிறது. இரண்டுமே நல்ல செய்திதான், ஒரே பக்கம் தவறுகிற கையைத் திருத்த முடியும். "9, 2, 6, 12, 4" என்று சிதறினால்தான் அந்த முறை உங்கள் கைக்கு ஒட்டவில்லை என்று பொருள். ரிங்கர் எண்ணிக்கை சமமாக இருந்தாலும், மணி ஒரே இடத்தில் குவிகிற முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். லாடத்தின் ஒரு காலில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, செல்போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தால் சுற்றை எண்ணிவிடலாம்.

சுற்று மிஞ்சினாலோ குறைந்தாலோ உடனே மணிக்கட்டை முறுக்கித் திருத்தப் பார்ப்பார்கள். இது எங்களை மிகவும் வருந்த வைக்கும் தவறு, நல்ல கையைக்கூடக் கெடுத்துவிடும். பள்ளியில் ரிங் டென்னிஸ் ஆடியவர்களுக்கும், கிரிக்கெட்டில் சுழற்பந்து போட்டவர்களுக்கும் மணிக்கட்டைச் சுண்டுவது பழக்கமாகவே ஊறியிருக்கும். ரிங் டென்னிஸ் வளையம் லேசான ரப்பர், அதை மணிக்கட்டால் சுண்ட வேண்டும். லாடம் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு. ஒரு காலைப் பிடித்திருக்கும்போது எடையின் பெரும்பகுதி கைக்கு வெளியே இருக்கிறது. கை விரிந்ததும் அது தானாகவே சுற்றத் தொடங்கும். நீங்கள் சேர்க்கிற முறுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில் இருக்கும், அதனால்தான் மணி சிதறுகிறது. மணிக்கட்டைத் தளர்த்தி விடுங்கள், பிடியை மட்டும் லாடத்தின் காலில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்துங்கள். 20 வீசி மணியைப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் அங்கே மெல்லிய டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

தூரத்தை மாற்றிக்கொண்டே முறைகளை ஒப்பிடுவது இன்னொன்று. கம்பத்துக்குக் கம்பம் 40 அடி, ஆண்கள் ஆடும் தூரம் அதுதான். பெண்களும் சிறார்களும் பத்தடி முன்னே வந்து 30 அடி தூரத்தில் ஆடுவார்கள். ஆண்களின் வீசும் கோடு தன் கம்பத்துக்கு மூன்றடி முன்னே. 40 அடி ஆட்டத்தில் ஒன்பதடி உயரம் வரை எழும்பும் லாடம் காற்றில் ஏறக்குறைய 1.35 விநாடி இருக்கும். 30 அடியில், ஏழடி உயரம் போனால், 1.15 விநாடி. அதே சுழற்சி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் சுற்று இரண்டு மணிக்குச் சற்று மேல் குறைந்துபோகும், வாய் 10-க்குக் கொஞ்சம் முன்னே நிற்கும். ஒன்றேமுக்காலோ முழுசாக மூன்று மணி குறைந்து 9-ஐக் காட்டும், அதாவது வாய் சுத்தமாகப் பக்கவாட்டில். சுற்று கூடக்கூட தூரத்தில் வரும் சிறு பிசகும் பெரிதாகும். ஆகவே இடத்துக்கு இடம் தூரம் மாறி ஆடுகிறவர் ஒன்றேமுக்காலைத் தேர்ந்தெடுத்தால் தனக்குத் தானே சிரமம் தேடிக்கொள்கிறார். தெருவில் கால் வைத்து அளந்து 30 அடி என்று சொல்லாதீர்கள், டேப் பிடியுங்கள். உயரமும் அப்படித்தான். ஒரு வீச்சு ஆறடி, அடுத்தது பத்தடி என்று போனால் காற்றில் இருக்கும் நேரம் மாறும், சுற்றும் மாறும்.

குழி மண்ணைக் கவனிக்காமல் முறையைக் குறை சொல்வது நம் ஊரில் அதிகம் நடக்கக்கூடியது. சுற்று வீச்சு தட்டையாக இறங்கி, மண்ணில் கொஞ்சம் வழுக்கிக் கம்பத்துக்குள் போகும். கம்பத்துக்கு அரை அடி முன்னே விழுந்தாலும் வாய்ப்பு உண்டு. குட்டிக்கரண லாடம் முனை சாய்ந்து இறங்குவதால், விழுந்த இடத்திலேயே பதிய வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது களிமண் செங்கல் மாதிரி இறுகிவிடும். அதில் குட்டிக்கரணம் துள்ளி ஓடும், சுற்று வீச்சு சறுக்கிக் குழியைத் தாண்டும். உலர்ந்த மணலை மட்டும் கொட்டினாலோ லாடம் உள்ளே புதைந்துவிடும், சுற்று வீச்சுக்கு வழுக்கலே கிடைக்காது. குயவர்கள் பயன்படுத்தும் பிசுக்குள்ள களிமண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, ஆடுவதற்கு முன் நீர் தெளித்துக் கிளறி, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுகிய பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரலை அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், மண் விரலில் ஒட்டக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் நனைத்த கோணிப்பையால் மூடினால் அடுத்த நாளும் அதே பதம் இருக்கும். மண் ஒரே பதத்தில் இல்லாமல் இரண்டு முறைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. கம்பம் மண்ணுக்கு மேல் 14 முதல் 15 அங்குலம் தெரிய வேண்டும், எதிர்க்கம்பத்தை நோக்கி மூன்று அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நட்டால் நல்ல லாடமும் மோதித் திரும்பும். கோட்டை வளாகத்தில் இடம் இருக்கிறதே என்று அங்கே கம்பம் அடித்துவிடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். சொந்த இடமோ, அனுமதி பெற்ற மைதானமோ போதும்.

கை வீசும் விதத்தில் இரண்டு விஷயம். சுற்று வீச்சில் கை பின்னே போய்த் திரும்பும்வரை லாடம் தொடைக்குப் பக்கத்தில் செங்குத்தாகத் தொங்க வேண்டும். முன்னே வரும்போதுதான் அது தானாகத் தட்டையாகும். தொடக்கத்திலேயே தட்டையாகப் பிடித்து வீசினால் முன்கை திருகிப்போய் லாடம் வலப்பக்கம் ஒதுங்கும், முழங்காலிலும் இடிக்கும். இன்னொன்று கால். கை கீழிருந்து முன்னே வரும்போது இடக்கால் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். முந்தினால் தோளால் இழுத்து எறிவீர்கள், பிந்தினால் லாடம் குட்டையாக விழும்.

புள்ளிக் கணக்கில் வரும் தகராறு சின்னது. ரிங்கர் என்றால் இரு கொக்கி முனைகளையும் தொட்டு நேரான சட்டம் ஒன்றை வைக்கும்போது அது கம்பத்தில் படக் கூடாது. அதற்கு மூன்று புள்ளி. கம்பத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்கும் நெருங்கிய லாடத்துக்கு ஒன்று. கம்பத்தில் சாய்ந்து நிற்பதற்கும் ஒன்றுதான், இரண்டு என்று ஊருக்கு ஊர் வைத்துக்கொண்டால் வீச்சு முறையின் பலனைச் சரியாக அளக்க முடியாது.

கம்பத்தில் மோதி மோதி லாடத்தின் விளிம்பில் பிசிறு எழும்பும். உள்விளிம்பில் விரல் மடங்குகிற இடத்தில் அது இருந்தால், கை தன்னை அறியாமல் ஒரு நூல் விலகிப் பிடிக்கும், நேற்று 12-இல் நின்ற வாய் இன்று 1-ஐக் காட்டும். காரணம் புரியாமல் முறையையே மாற்றுகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வியர்த்த உள்ளங்கையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். லாடத்துக்கு எண்ணெய் தடவ வேண்டாம். மதிய வெயிலில் கிடந்த இரும்பைத் தொடுமுன் வாளித் தண்ணீரில் ஒருமுறை முக்கி, துடைத்து எடுங்கள். எதிர்க்கம்பத்துக்குப் பக்கத்தில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. இருவரும் ஒரே பக்கமிருந்து வீசி முடித்த பிறகு சேர்ந்து நடந்து போய் லாடத்தை எடுத்து வர வேண்டும்.