லண்டன் – நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் சுமார் 5,550 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் ஆறு மணி நேரம் பத்து நிமிடம் வருகிறது. டிக்கெட்டிலோ சுமார் எட்டு மணி நேரம் என்று இருக்கும். திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு ஏழுதான்.

பலரும் சறுக்குவது இந்த 900-இல்தான். அது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறதே! அட்லாண்டிக்குக்கு மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்கிற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஆற்றோடு போகிற பரிசலும் எதிர்த்துத் துழாவுகிற பரிசலும் ஒரே நேரத்தில் கரை சேருமா? 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரை எட்டியது. ஒலியை முந்திவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது, அவ்வளவுதான்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. விமான நிலையத்தில் பயணிகள் ஏறும் வாசலை விட்டுக் கிளம்பி, ஓடுபாதைவரை ஊர்ந்து, ஹீத்ரோவுக்கு மேலே இடம் கிடைக்கும்வரை வட்டமடிப்பதெல்லாம் அதில் சேர்த்தி.

தூரத்தை அளப்பதிலும் ஒரு கோளாறு. சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது கடலின் நடுவே தெற்காகப் போகும். நிஜத்தில் அந்த வழி 200 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். பூமி உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா வழியாக வளைந்து இறங்கும். குறுக்குவழி அதுதான். அப்புறம், எங்காவது 3,000 மைல் என்று பார்த்தால் அது அநேகமாகக் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைல் என்று நினைத்து 1.6-ஆல் பெருக்கினால் 700 கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும்.

கடைசியாகக் கடிகாரம். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம் மூன்றரை மணி நேரத்தில் நியூயார்க் போன காலத்தில், கிளம்பியதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கியதாகக் கடிகாரம் காட்டும்! லண்டன் ஐந்து மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பது பொதுவாகச் சரி. ஆனால் கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் தள்ளும். இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் நான்குதான். இரவு 7 மணிக்கு நியூயார்க்கில் ஏறியவர் காலை 6 மணிக்கே லண்டனில் இறங்கிவிடுவார். ஐந்தைக் கூட்டிக்கொண்டு 7 மணிக்கு அழைக்கப் போனால், பெட்டியோடு காத்திருப்பவரிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்.