ஹராஜுகுவில் ஒரு காலை நடை: ஆலய வனத்திலிருந்து தகெஷிதா தெரு வரை

டோக்கியோவின் யமனோதே ரயில் தடத்தில் ஹராஜுகு நிலையத்தில் இறங்கினால், மெய்ஜி ஆலயத்தின் வனமும் இளைஞர்கள் மொய்க்கும் தகெஷிதா தெருவும் சில நிமிட நடையில் கிடைத்துவிடும். ஆலயத்தில் தொடங்குங்கள். அது சூரிய உதயத்தில் திறக்கிறது, கட்டணம் இல்லை. கடைகளோ பத்து, பதினொரு மணிக்கு முன் பெரும்பாலும் திறப்பதில்லை.

படி 1: நிலையத்தை ஒட்டியுள்ள பாலத்தைக் கடந்தவுடன் தோரி எனப்படும் மரத் தோரணவாயில் தெரியும். அதன்முன் ஒருமுறை தலைவணங்கி, பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்குரியது என்பதால் ஓரமாகவே நடக்க வேண்டும். உள்ளே 12 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெரிய தோரி 1975இல் தைவான் மரத்தால் மீண்டும் அமைக்கப்பட்டது. சுற்றிலும் அடர்ந்திருப்பது ஆதிகாலக் காடு என்று தோன்றினாலும், பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோகெனுக்கும் 1920இல் ஆலயம் எழுப்பப்பட்டபோது, நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கிய காடு அது. ஆலயமும் 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958இல் மறுபடி கட்டப்பட்டதே. பழமை என்று நாம் காண வந்தது நூறாண்டுக் கதைதான்.

படி 2: நீர்த்தொட்டியில் முதலில் இடக்கை, பிறகு வலக்கை என்று கழுவி, இடக்கையில் நீரேந்தி வாயைக் கொப்பளியுங்கள், அகப்பை இருந்தால் அதை வாயில் வைக்கக் கூடாது. சன்னதிக்கு முன் காணிக்கைப் பெட்டியில் நாணயம் இட்டு, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மனத்துக்குள் வேண்டிக்கொண்டு மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும். நம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிடாதீர்கள். இங்கே அது தேவையில்லை. சன்னதியின் நேர்முன்னே படம் எடுப்பதையும் தவிருங்கள்.

படி 3: வந்த வழியே திரும்பி, நிலையத்துக்கு எதிரேயுள்ள தகெஷிதா தெருவில் நுழையுங்கள். ஏறத்தாழ 350 மீட்டர்தான் என்றாலும், சரிகைக் குடைகள், பொம்மை ஆடைகள், கிரீம் வைத்துச் சுருட்டிய, மெல்லிய தோசை போன்ற கிரேப் தின்பண்டம் எனக் கண்ணுக்கு ஓய்விராது. அலங்கரித்து வருபவர்களைக் கேட்காமல் படமெடுப்பது அநாகரிகம். இரைச்சல் அலுத்தால் இடப்புறச் சந்தில் திரும்புங்கள். கடற்படைத் தளபதி தோகோ ஹெய்ஹச்சிரோவின் ஆலயமும் குளமும் எதிர்பாராத அமைதியோடு காத்திருக்கும். நெரிசலான இந்தக் கடைத்தெருவின் முதுகிலேயே ஓர் ஆலயம் ஒட்டியிருப்பதைப் பலர் கவனியாமல் போய்விடுகிறார்கள்.

படி 4: தெருமுனையில் வலப்புறம் சென்றால், 1978இல் திறந்த லாஃபோரே கடைத்தொகுதி நிற்கும் பெரிய நாற்சந்தி வரும். குறுக்கே ஓடும் ஒமோதெசாண்டோ சாலையில் இன்று விலையுயர்ந்த ஆடைக் கடைகள் நிறைந்திருந்தாலும், ஆலயத்துக்கு வரும் அடியார்களுக்காகவே அது போடப்பட்டது. பெயருக்கே 'ஆலயத்தின் முன்வழி' என்று பொருள். நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்பி மரநிழலில் நடந்தால் ஒமோதெசாண்டோ மெட்ரோ நிலையத்தை அடையலாம்.