ஆன்லைனில் லிமிட் ஹோல்டெம்: புதியவர்களுக்குப் படிப்படியாக

போக்கர் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது, ஒருவர் தன் முன்னால் இருக்கிற சிப்ஸ் அத்தனையையும் நடுவில் தள்ளி 'ஆல் இன்' என்று சொல்கிற காட்சிதான். அது நோ லிமிட். லிமிட் ஹோல்டெமில் அந்த வேலை நடக்காது. ஒரு சுற்றில் எவ்வளவு கட்டலாம் என்பது முன்பே முடிவான தொகை. இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் எதிராளியை மிரட்டி விரட்டுவது கஷ்டம். அவர் உங்களை மிரட்டுவதும் கஷ்டம்தான். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. முதல் இரண்டு சீட்டைப் பார்க்கும்போது கறாராக இருக்க வேண்டும். பாட் (நடுவில் சேரும் சிப்ஸ்) பெருத்த பிறகு கையைச் சட்டென்று விடக் கூடாது. புதிதாக ஆட வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தொடக்கத்தில் எல்லாக் கையும் ஆடுவார்கள், கடைசியில் ஒரே ஒரு பெட்டுக்குப் பயந்து மடக்குவார்கள்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு, எந்தக் கை எதை வெல்லும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டிருக்கிறது. போக்கர், ரம்மி இரண்டும் அதற்குள் வரும். ஆகவே இந்தியாவில் இருப்பவர்கள் இலவச சிப்ஸ் மேசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் சிப்ஸ் கணக்கு, ரூபாய் அல்ல. கற்றுக்கொள்ள அதுவே தாராளம்.

படி 1: மேசையைப் புரிந்துகொள்ளுங்கள்

லாபியில் (தளத்தின் மேசைப் பட்டியலில்) 'ஃபிக்ஸட் லிமிட்' மேசைகளை மட்டும் காட்டச் சொல்லி, ஆறு பேர் உட்காரும் 2/4 மேசை ஒன்றைப் பிடியுங்கள். 2/4 என்றால் சிறிய பெட் 2, பெரிய பெட் 4. சீட்டு கைக்கு வந்ததும் நடக்கும் சுற்றிலும் ஃப்ளாப்பிலும் (முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு) எல்லாமே இரண்டிரண்டாகத்தான் ஏறும். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) இரண்டிலும் நான்கு நான்காக ஏறும். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டியவை: ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2. பெரும்பாலான தளங்களில் ஒரு சுற்றில் ஒரு பெட், அதன் மேல் மூன்று ரைஸ் (தொகையை ஏற்றுவது). அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குக் 'கேப்' என்று பெயர்.

டர்னில் விலை இரட்டிப்பாகிறது என்பதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். பின்னால் வரும் பாதி முடிவுகள் அதை வைத்துத்தான்.

படி 2: எந்தக் கையை ஆடுவது

52 சீட்டில் இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1,326. அதில் பெரும்பாலானவை குப்பை. ரம்மியில் கை சரியில்லை என்றால் ஸ்கூட் அடிப்போமே, அதற்காவது பாயிண்ட் போகும். இங்கே நீங்கள் பிளைண்டில் இல்லாதவரை ஃபோல்ட், அதாவது கையை மடக்குவது, சுத்தமாக இலவசம். அப்படியிருந்தும் 'ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டுப் போவோமே' என்று ஆளாளுக்கு இரண்டு சிப்ஸ் போடுவது ஏன் என்று எனக்குப் புரிவதே இல்லை. ஜோடி இல்லாத ஒரு கை, ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது பிடிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான்.

ஆறு பேர் மேசையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் 7-7க்கு மேல் உள்ள ஜோடிகள், ஏஸ்-ஜாக்குக்கு மேல், கிங்-குயின், ஒரே சின்னத்தில் ஏஸ்-9 முதல் மேலே, ஒரே சின்னத்தில் கிங்-ஜாக், குயின்-ஜாக். இவ்வளவு போதும். பட்டனுக்கு (சீட்டுப் போடுபவரின் இடம்) நகர நகரக் கையை அகலப்படுத்தலாம். எல்லோரும் மடக்கி, பட்டனில் உங்கள் முறை வந்தால் எந்த ஜோடியும், எந்த ஏஸும், கிங்-9, குயின்-10, ஜாக்-10 எல்லாம் ஆடலாம். காரணம், ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் கடைசியில் பேசுவீர்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வரவில்லை என்றால் சும்மா 2 போட்டு உள்ளே போகாதீர்கள். ஆடத் தகுந்த கை என்றால் ரைஸ், இல்லையென்றால் ஃபோல்ட். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவுலிங் குழுவினர், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கணினியால் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். செஃபியஸ் என்ற அந்த நிரல், பட்டனில் முதலில் பேசும்போது வெறும் கால் (ஏற்றாமல் கேட்ட தொகையை மட்டும்) போடுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆறு பேர் மேசை வேறு ஆட்டம் என்றாலும் இந்த ஒரு பழக்கத்தைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

படி 3: பிக் பிளைண்டில் அவசரப்பட்டு மடக்காதீர்கள்

பட்டனில் இருப்பவர் 4க்கு ரைஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் போய்விட்டார். பாட்டில் 4+1+2 = 7 இருக்கிறது. நீங்கள் இன்னும் 2 போட்டால் போதும். 7க்கு 2, அதாவது மூன்றரைக்கு ஒன்று. ஒன்பதில் இரண்டு தடவை வென்றாலே கணக்கு நேர். குயின்-9, ஒரே சின்னத்தில் 10-8 போன்ற கைகளை இங்கே விடக் கூடாது. 9-2, 8-3 மாதிரி வந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு இந்த விலையும் அதிகம்.

படி 4: அவுட்ஸை எண்ணுங்கள், பாட்டோடு ஒப்பிடுங்கள்

லிமிட் ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் கையை வெல்லும் கையாக மாற்றக்கூடிய சீட்டுகள்தான் அவுட்ஸ். ஃப்ளாப்பில் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு சேர்ந்துவிட்டது என்றால் மீதி 9 சீட்டு. நீங்கள் பார்க்காத சீட்டு 47. அதில் 9 உதவும், 38 உதவாது. அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் விழாமல் போகும் விகிதம் 38க்கு 9, ஏறக்குறைய 4.2க்கு 1. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு (டிரா என்றால் இன்னும் ஒரு சீட்டு விழ வேண்டிய கை) 8 அவுட்ஸ், 4.9க்கு 1. நடுவில் ஒரு சீட்டு மட்டும் வேண்டியிருக்கும் கட்ஷாட்டுக்கு 4 அவுட்ஸ், 10.75க்கு 1.

அடுத்து, பாட்டில் இருப்பதை நீங்கள் போட வேண்டிய தொகையால் வகுங்கள். வருகிற எண் மேலே சொன்ன விகிதத்தைவிடப் பெரியதா? கால் போடலாம். சிறியதா? மடக்குங்கள். திரையில் பாட் எவ்வளவு என்று எழுதியே இருக்கும், கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆன்லைனில் கற்பதற்கு இது பெரிய வசதி.

நோ லிமிட்டில் ஒருவர் பாட் அளவுக்குப் பெட் கட்டினால் உங்களுக்குக் கிடைக்கும் விலை 2க்கு 1; ஃப்ளஷ் டிரா அங்கேயே திணறும். லிமிட்டில் அவரால் அது முடியாது. 21 சிப்ஸ் கிடக்கும் இடத்தில் அவர் கேட்க முடிவது 2தான்.

படி 5: ஒரு கையை முழுக்க ஆடிப் பார்ப்போம்

நீங்கள் பட்டன். கையில் ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், ஆட்டின் ஜாக். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வெறும் 2 போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். அவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வைப்போம். நீங்கள் 4க்கு ரைஸ். ஸ்மால் பிளைண்ட் மடக்குகிறார். பிக் பிளைண்டும் மற்ற இருவரும் கால். நான்கு பேர் ஆளுக்கு 4, ஸ்மால் பிளைண்ட் விட்டுப்போன செத்த சிப் ஒன்று: பாட் 17.

ஃப்ளாப்: ஆட்டின் கிங், ஆட்டின் 8, கிளாவர் 5. உங்களிடம் இப்போது கை என்று எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு ஆட்டின் விழுந்தால் உங்களுடையதுதான் பெரிய ஃப்ளஷ். பிக் பிளைண்ட் செக் (எதுவும் கட்டாமல் முறையைக் கடத்துவது), முதலாமவர் 2 கட்டுகிறார், இரண்டாமவர் கால். பாட் 21.

புதியவர்கள் இங்கே 2 போட்டுக் கால் செய்வார்கள். தப்பில்லை, 10.5க்கு 1 விலை கிடைக்கிறது, நமக்குத் தேவை 4.2தான். ஆனால் ரைஸ் இன்னும் நல்லது. ரிவர் வரை பார்த்தால் இந்த ஃப்ளஷ் விழும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். இன்னும் இரண்டு, மூன்று பேர் சிப்ஸ் போடும் இடத்தில் ஒவ்வொரு சிப்பும் உங்களுக்கு லாபப் பக்கம்தான். இரண்டாவது காரணம் கொஞ்சம் தந்திரம். ரைஸ் செய்து 4 போடுகிறீர்கள். பிக் பிளைண்ட் ஓடிவிடுகிறார், மற்ற இருவரும் இன்னொரு 2 போடுகிறார்கள். பாட் 29.

டர்ன்: இஸ்பேட் 2. ஒன்றுக்கும் உதவாது. ஃப்ளாப்பில் ரைஸ் வாங்கியவர்கள் பயந்து இருவரும் செக் செய்கிறார்கள். நீங்களும் செக். ரிவர் சீட்டு இலவசம்! ஃப்ளாப்பில் சும்மா கால் போட்டிருந்தால் முதலாமவர் டர்னில் 4 கட்டியிருப்பார். உங்களுக்கு மொத்தச் செலவு 6. இப்போது 4. விலை குறைவான சுற்றில் கொஞ்சம் கூடப் போட்டு, விலை இரட்டிப்பான சுற்றைச் சும்மா கடந்துவிட்டீர்கள். எல்லாத் தடவையும் இது பலிக்காது, சிலர் திருப்பி ரைஸ் அடிப்பார்கள். பட்டனில் இருக்கும்போது முயன்று பாருங்கள்.

அதே இடத்தில் உங்களிடம் கட்ஷாட் மட்டும் இருந்திருந்தால்? ஃப்ளாப்பில் 21க்கு 2 கேட்டபோது கிட்டத்தட்ட சரியான விலை. பின்னால் கிடைக்கக்கூடியதையும் சேர்த்தால் கால் போடலாம். ஆனால் டர்னில் 29 இருக்கும் பாட்டில் ஒருவர் 4 கட்டினால் 33க்கு 4, அதாவது 8.25தான், தேவை 10.5. பெரும்பாலும் அங்கே மடக்குவதுதான் சரி.

ரிவர்: கிளாவர் ஜாக். ஃப்ளஷ் விழவில்லை, ஜாக் ஜோடி விழுந்தது. முதலாமவர் 4 கட்டுகிறார், இரண்டாமவர் ஃபோல்ட். பாட் 33, நீங்கள் போட வேண்டியது 4. 'அவரிடம் கிங் இருக்கும்' என்று மனம் சொல்லும். இருக்கலாம்! ஆனால் ஒன்பது தடவையில் ஒரு தடவை அவர் 8 ஜோடியோடோ, விழாமல் போன டிராவோடோ கட்டியிருந்தாலே கால் போட்டது வீண் போகாது. கால் போடுகிறீர்கள். அவர் கிங்-9 காட்டுகிறார். 4 போய்விட்டது. அடுத்த முறை இதே இடம் வந்தால் திரும்பவும் கால்தான்.

படி 6: ரிவரில் வெட்கப்படாமல் கட்டுங்கள்

நல்ல கை இருந்தும் 'எதற்கு வம்பு' என்று செக் செய்வது லிமிட்டில் பெரிய ஓட்டை. எதிரில் ஒரே ஒருவர், அவர் கால் போடும் கைகளில் பாதிக்கு மேல் உங்கள் கை வெல்லும் என்றால் பெட் கட்டியே ஆக வேண்டும். இலவச சிப்ஸ் மேசைகளில் மூன்றாவது ஜோடி வைத்துக்கொண்டும் கால் போடுவார்கள். அங்கே பிளஃப் செய்வது (கை இல்லாமலே கட்டி மிரட்டுவது) வீண் வேலை. மேல் ஜோடியோடு மூன்று சுற்றும் கட்டிக்கொண்டே போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்டம் முழுக்கக் கால் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த ஆள், ரிவரில் திடீரென்று ரைஸ் செய்தால் அவரிடம் உண்மையிலேயே கை இருக்கிறது. ஒற்றை ஜோடியை அங்கே மட்டும் விடலாம்.

ஏஸ் ஜோடி தோற்றால் பலர் தளத்தின் மேல் சந்தேகப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். எதிரில் ஏதோ இரண்டு சீட்டோடு ஒருவர் இருந்தால் ஏஸ் ஜோடி சுமார் 85 சதவீதம் வெல்லும். அப்படி ஐந்து பேர் கடைசி வரை இருந்தால் 49 சதவீதம்தான். பாதித் தடவை தோற்கும் கை அது. ஆனால் ஆறில் ஒரு பங்கு சிப்ஸ் போட்டுப் பாதித் தடவை பாட்டை அள்ளுகிறீர்கள். இதைவிட என்ன வேண்டும்?

படி 7: திரையில் இருக்கும் பொத்தான்கள்

முறை வருவதற்கு முன்பே 'செக்/ஃபோல்ட்', 'கால் எனி' என்று டிக் செய்து வைக்கும் வசதி இருக்கும். தொடாதீர்கள். உங்கள் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுவதை வைத்தே உங்கள் கை எப்படி என்று கவனிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எல்லா முடிவுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு மேசை போதும்.

ஆடி முடித்ததும் கை வரலாற்றைத் திறந்து ரிவரில் நீங்கள் மடக்கிய கைகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பாட் எவ்வளவு, கேட்டது எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். பத்துக்கு ஒன்று விலை கிடைத்தும் ஜோடியை மடக்கிய இடங்கள் தெரிந்தால், அடுத்த ஆட்டத்தில் அந்த இடங்களில் கால் போட்டு எதிராளி என்ன காட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.