பிரிட்டனில் எனர்ஜி பில்: பிரைஸ் கேப்பிலேயே இருப்பதா, ஃபிக்ஸ்டு டீலுக்கு மாறுவதா?

பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், விலை உச்சவரம்பை (பிரைஸ் கேப்) அறிவிக்கும் நாளில் செய்திகளில் ஒரே ஒரு தொகைதான் அடிபடும். 2025 அக்டோபர்–டிசம்பருக்கு அது 1,755 பவுண்டாக இருந்தது. வருஷத்துக்கு அதற்கு மேல் பில் வராது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வரும். வரம்பு கட்டியிருப்பது ஒரு யூனிட்டின் விலைக்கும், ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற தினக்கட்டணத்துக்கும் மட்டும்தான். எவ்வளவு எரிக்கிறீர்களோ அவ்வளவுக்கும் கட்டியாக வேண்டும்.

அந்த 1,755 எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் கேஸும் செலவழித்து, டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் முறையில்) கட்டும் ஒரு மாதிரி வீட்டின் கணக்கு அது. நாள் முழுக்க அப்பா அம்மா இருந்து ஹீட்டிங் ஓடும் வீடும், இருவரும் வேலைக்குப் போய்விடும் மாடி ஃபிளாட்டும் அந்தக் கணக்குக்குக் கிட்டவே வராது. அதனால் மாறுவதா வேண்டாமா என்பதை உங்கள் மீட்டரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்து பில்களும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்துக்கு இந்த உச்சவரம்பு கிடையாது.

முதலில்: இப்போது எதில் இருக்கிறீர்கள்?

பில்லில் ‘டாரிஃப்’ என்ற பெயருக்கு எதிரே பாருங்கள். ‘ஸ்டாண்டர்டு வேரியபிள்’ அல்லது ‘ஃபிளெக்ஸிபிள்’ என்று இருந்தால், முடிவுத் தேதி எதுவும் போடாதிருந்தால், நீங்கள் ஏற்கெனவே உச்சவரம்பின் கீழ்தான் இருக்கிறீர்கள். புது வீட்டுக்குக் குடி போனவர்களும், ஃபிக்ஸ்டு ஒப்பந்தம் முடிந்து எதுவும் செய்யாமல் விட்டவர்களும் தானாகவே இதில்தான் வந்து சேருவார்கள். 2019 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்த வரம்பு, முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகளில் மாறுகிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அபராதம் இல்லை.

ஃபிக்ஸ்டு டீலில் யூனிட் விலையும் தினக்கட்டணமும் பெரும்பாலும் 12 அல்லது 24 மாதத்துக்கு அசையாது. ஒன்றை மறக்கக்கூடாது: ஃபிக்ஸ்டு டீலுக்கு ஆஃப்ஜெம் உச்சவரம்பு பொருந்தாது. கேப்பைவிட அதிக விலைக்கும் ஒரு கம்பெனி ஃபிக்ஸ்டு டீல் விற்கலாம், அது சட்டப்படி சரியே.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் யூனிட் கூடக்கூட விலைப்படி ஏறும். பிரிட்டனில் அந்தப் படிநிலை இல்லை. முதல் யூனிட்டுக்கும் மூவாயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. இங்கே உறுத்துவது தினக்கட்டணம். ஆறு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

படி 1: ஓராண்டு யூனிட்டைக் கண்டுபிடியுங்கள்

பவுண்டைப் பார்க்காதீர்கள், கிலோவாட் மணியைப் பாருங்கள். இங்கே மின்சாரத்துக்கும் கேஸுக்கும் யூனிட் என்று சொல்வது அதைத்தான். பில்லிலோ கம்பெனியின் ஆப்பிலோ ஆண்டுப் பயன்பாடு என்று மின்சாரத்துக்கும் கேஸுக்கும் தனித்தனியாக இருக்கும்.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீடுகளில் ரீடிங் பக்கத்தில் ‘எஸ்டிமேட்டட்’ என்று இருந்தால் அது கம்பெனியின் ஊகம். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு உண்மையான ரீடிங் கிடைத்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். ஒரு காலாண்டு பில்லை நாலால் பெருக்குவது பெரிய தவறு. குளிர்கால பில்லைப் பெருக்கினால் கேஸ் மலை மாதிரி தெரியும், கோடை பில்லைப் பெருக்கினால் ஒன்றுமே இல்லாதது போல் தெரியும்.

கேஸ் மீட்டரில் கூடுதல் கவனம் வேண்டும். அது கிலோவாட் மணியைக் காட்டாது, வாயுவின் கன அளவைக் காட்டும். மீட்டர் முகப்பில் மீட்டர் கியூப் குறி இருந்தால் அது மெட்ரிக். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11.2 கிலோவாட் மணி. அடிக் கணக்குக் குறி இருந்தால் பழைய இம்பீரியல் மீட்டர். அதில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய 31.7 கிலோவாட் மணி. இரண்டிலும் கறுப்பு எண்களை மட்டும் எடுங்கள், சிவப்பையும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விட்டுவிடுங்கள். மெட்ரிக் மீட்டரை இம்பீரியல் என்று கம்பெனி பதிந்திருந்தால் கேஸ் பில் ஏறக்குறைய மூன்று மடங்காக வரும். சின்ன ஃபிளாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 யூனிட் கேஸ் என்று பில் சொன்னால் முதலில் மீட்டர் முகப்பைப் போய்ப் பாருங்கள்.

படி 2: நான்கு விலைகளை எழுதுங்கள்

மின்சார யூனிட் விலை, மின்சார தினக்கட்டணம், கேஸ் யூனிட் விலை, கேஸ் தினக்கட்டணம். இப்போதைய டாரிஃபுக்கு நான்கு, மாற நினைக்கும் டீலுக்கு நான்கு. வேறெதுவும் வேண்டாம். ‘மாதம் 98 பவுண்டுதான்’ என்ற வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்; மாதத் தவணையைக் குறைத்துக் காட்டுவது யாருக்கும் எளிது, யூனிட் விலை மாறாவிட்டால் மிச்சம் கடனாக நிற்கும்.

விலைகள் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு உரியவையா என்று பாருங்கள். பிரிட்டன் 14 வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது, வட்டாரத்துக்கு வட்டாரம் விலை வேறு. ஹாரோவில் இருக்கும் அண்ணன் வாங்கிய டீலின் விலை லிவர்பூலில் இருக்கும் தம்பிக்குக் கிடைக்காது. எல்லா விலையிலும் 5 சதவீத வாட் வரி சேர்ந்திருக்க வேண்டும். இரவில் விலை குறையும் எகானமி 7 மீட்டர் என்றால் பகல், இரவு இரண்டுக்கும் யூனிட்டையும் விலையையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: பெருக்கிக் கூட்டுங்கள்

ஆண்டுக்கு 1,900 யூனிட் மின்சாரம், 7,000 யூனிட் கேஸ் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கேப் பக்கம் 2025 அக்டோபர்–டிசம்பரின் சராசரி விலைகள். ஃபிக்ஸ்டு பக்கம் விளக்கத்துக்காக வைத்த விலைகள். நீங்கள் எந்தக் காலாண்டில் கணக்குப் போடுகிறீர்களோ அதன் விலைகளைப் போடுங்கள்.

கேப்பில்:
மின்சாரம் 1,900 × 26.35 பென்ஸ் = 500.65 பவுண்டு
தினக்கட்டணம் 365 × 53.68 பென்ஸ் = 195.93
கேஸ் 7,000 × 6.29 பென்ஸ் = 440.30
தினக்கட்டணம் 365 × 34.03 பென்ஸ் = 124.21
மொத்தம் 1,261.09 பவுண்டு

ஃபிக்ஸ்டு டீலில்:
மின்சாரம் 1,900 × 24.60 பென்ஸ் = 467.40
தினக்கட்டணம் 365 × 56 பென்ஸ் = 204.40
கேஸ் 7,000 × 5.95 பென்ஸ் = 416.50
தினக்கட்டணம் 365 × 33 பென்ஸ் = 120.45
மொத்தம் 1,208.75 பவுண்டு

வித்தியாசம் 52 பவுண்டு, அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கேப் ஒரு வருடம் அப்படியே நின்றால் 52 பவுண்டு மிச்சம். ஏறினால் இன்னும் மிச்சம். சராசரியாக 4 சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான் ஃபிக்ஸ்டு எடுத்தது நஷ்டம். இந்தச் சதவீதம் உங்களுக்கு எவ்வளவு என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டிய எண்.

கொஞ்சமாகச் செலவழிப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு டீலில் மின்சார யூனிட் 1.5 பென்ஸ் குறைவு, தினக்கட்டணம் 10 பென்ஸ் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் தினக்கட்டணம் வருடத்துக்கு 36.50 பவுண்டு. 1.5 பென்ஸ் மிச்சத்தில் அதை ஈடுகட்ட 2,433 யூனிட் எரிக்க வேண்டும். 1,900 யூனிட் வீட்டுக்கு 28.50 பவுண்டுதான் மிஞ்சும், 8 பவுண்டு நஷ்டம். அதே டீல் பெரிய குடும்பத்துக்கு லாபம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லதாக இருந்தது உங்களுக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

படி 4: கேப் எந்தப் பக்கம் போகும்?

2021 அக்டோபரில் மாதிரி வீட்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த வரம்பு, 2022 ஏப்ரலில் 1,971, அக்டோபரில் 3,549 என்று ஏறியது. முன்னதாகவே விலையைக் கட்டிப்போட்டவர்கள் தப்பினார்கள். 2024 ஜனவரியில் 1,928, ஏப்ரலில் 1,690, ஜூலையில் 1,568 என்று இறங்கியது. அந்த ஜனவரி விலையில் ஃபிக்ஸ்டு எடுத்தவர்களுக்கு அடி. இரண்டுமே நடக்கும்.

கேப்பின் பெரிய பங்கு, கம்பெனிகள் மின்சாரத்தையும் கேஸையும் மொத்தமாக வாங்கும் சந்தை விலை, அடுத்தது கம்பி, குழாய்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் செலவு. அடுத்த காலாண்டின் விலையை ஆஃப்ஜெம் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் கடைசியில் அறிவிக்கும். அதற்கு முன்பே கார்ன்வால் இன்சைட் என்ற எரிசக்திச் சந்தை ஆய்வு நிறுவனம் கணிப்பு வெளியிடும். அடுத்த காலாண்டுக்கான கணிப்பு நெருங்க நெருங்கப் பலம் பெறும். ஒரு வருடம் தள்ளியிருக்கும் கணிப்பின் மேல் பணத்தைக் கட்டாதீர்கள்.

காலாண்டுகளை ஒரே எடையில் பார்க்கவும் கூடாது. ஹீட்டிங் கேஸ் பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் எரிகிறது. ஜூலையில் விலை இறங்கும் என்ற செய்தி, பாய்லர் குளிக்க மட்டும் எரியும் வீட்டுக்குப் பெரிதாக எதையும் தராது. அக்டோபரிலும் ஜனவரியிலும் என்ன ஆகும் என்பதையே பாருங்கள்.

எங்கள் யோசனை இது: ஃபிக்ஸ்டு இன்றைய கேப்பைவிட 4, 5 சதவீதமாவது குறைவு, கணிப்புகளும் பெரிய இறக்கத்தைச் சொல்லவில்லை என்றால் எடுக்கலாம். கேப்புக்குச் சமமான விலைக்கு ஃபிக்ஸ்டு எடுப்பதில், திடீர் ஏற்றத்தைத் தாங்க முடியாத வீட்டுக்கு நிம்மதி என்ற ஒரு பயன் உண்டு. அதுவும் நியாயமான காரணமே. கேப்பைவிட அதிக விலைக்கு என்றால், விலை ஏறப்போகிறது என்பதற்கு உறுதியான அறிவிப்பு இல்லாமல் தொடவேண்டாம்.

படி 5: கையெழுத்துக்கு முன்

விலகல் கட்டணம் எவ்வளவு? பல டீல்களில் மின்சாரத்துக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று. மேலே உள்ள எடுத்துக்காட்டில் தலா 50 என்றால், நடுவில் விலகினால் 100 பவுண்டு போகும், மிச்சப்பட்ட 52ஐ விழுங்கிவிடும். வாடகை வீட்டில் ஆறு மாதத்தில் காலி செய்ய வாய்ப்பு இருந்தால், டீலை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் வந்தால் கம்பெனியை மாற்றும் உரிமை வாடகைக்காரரான உங்களுக்கு உண்டு.

குறைந்த வருமான வீடுகளுக்கான வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற 150 பவுண்டு கழிவு வாங்குபவர்கள் புதிய கம்பெனி அதைத் தருகிறதா என்று பாருங்கள். தமிழ் வீடுகளில் ஒன்று அடிக்கடி நடக்கிறது: பென்ஷன் கிரெடிட் என்ற முதியோர் உதவித்தொகை அம்மாவுக்கு வரும், எனர்ஜி கணக்கு மகன் பெயரில் இருக்கும். உதவித்தொகை பெறுபவரோ அவருடைய துணையோ கணக்கில் இல்லாவிட்டால் கழிவு நழுவிப்போகும். கம்பெனி மாறும்போதே பெயரைச் சரிசெய்துவிடுங்கள்.

முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபேமென்ட் மீட்டரில் கடன் இருந்தாலும், மின்சாரம், கேஸ் ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டு வரை என்றால், அந்தக் கடனோடு சேர்த்தே வேறு கம்பெனிக்கு மாற வழி உண்டு.

படி 6: மாறும் நாள்

வேலை நாள் ஐந்துக்குள் மாற்றம் முடிந்துவிடும். மின்சாரம் நிற்காது, குழாயை யாரும் தொட மாட்டார்கள். மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். பழைய கம்பெனி ஒரு ரீடிங்கில் மூட, புதியது வேறொன்றில் தொடங்கினால் நடுவில் உள்ள யூனிட்டுக்கு இரண்டு முறை பணம் போகும். அந்தப் படம்தான் சாட்சி.

பழைய டைரக்ட் டெபிட்டை உடனே வங்கியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், உங்கள் பணம் அவர்களிடம் இருந்தால் அதன்பின் 10 வேலை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். அது கைக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

ஃபிக்ஸ்டு எடுத்திருந்தால் முடிவுத் தேதிக்கு 49 நாள் முன்பான தேதியைக் கைப்பேசி நாள்காட்டியில் போட்டுவையுங்கள். அன்றிலிருந்து விலகல் கட்டணம் கேட்க முடியாது. நான்கு விலைகளையும் மறுபடி எழுதி, படி 1இலிருந்து தொடங்கலாம்.